அவருக்குத்தான் பயம்

1

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என் வீட்டுக்காரரைக் கிண்டல் பண்ணத்தான் ஆரம்பித்தேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாகப் பத்து மாடி, பன்னிரண்டு மாடிக் கட்டடங்களின் உச்சிக்குப் போய், இருட்டுக் குழிக்குள் தலையை விட்டு வேலை பார்க்கிற மனுஷன். அப்பேர்ப்பட்டவருக்கு விமானம் என்றால் பயம். ஒரு நகைச்சுவைக் கதைக்கு இது போதாதா? எனக்குப் போதும் என்று தோன்றியது. நான் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள், சாயங்காலத்தில் கதை எழுதுபவள். கண்ணில் பட்டதை விட மாட்டேன்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே ஏழாம் நம்பர் கேட். மணி மதியம் ஒன்று ஐம்பது. விமானம் இரண்டு நாற்பதுக்கு. கேட்டை இரண்டு இருபதுக்கே மூடிவிடுவார்களாம். டிக்கெட் மலிவு டிக்கெட், அதனால் தேதி மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் நாங்கள் போகிற முதல் வெளிநாடு இது. இன்றைக்கு ஏறவில்லை என்றால் இந்த ஜென்மத்தில் ஏற மாட்டோம், அது எனக்கு நன்றாகத் தெரியும். கதையில் நீங்கள் கவலைப்பட வேண்டியதும் அது ஒன்றைப் பற்றித்தான். ஏறுவோமா, மாட்டோமா.

மடியில் நோட்டு இருக்கிறது. பேனாவில் மை இருக்கிறது. பக்கத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடிச் சுவர் வழியாக விமானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு இருபதுக்குள் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

2

பழைய கைப்பிரதியிலிருந்து மூன்று ஆரம்பங்கள்.

ஆரம்பம் ஒன்று: 'மெக்கானிக் விடிந்ததும் தலையணைக்கு அடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். ராத்திரிக்குள் அது காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்தார். ஃபோட்டோவில் இருப்பது தான்தானா என்று சந்தேகம் வந்து கண்ணாடிக்கு முன்னால்—' *

[* இந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருக்கிறது. எழுதியது நான் இல்லை. பிறகு சொல்கிறேன்.]

ஆரம்பம் இரண்டு: 'உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். பயணம் போகிறவர்கள், பயணம்' [சீச்சீ. இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.]

ஆரம்பம் மூன்று. இது பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்வோம்:

'மகள் வேலை பார்க்கிற ஊரிலிருந்து ஃபோன் பண்ணினாள். "அம்மா, வெளிநாடு போக டிக்கெட் வந்திருக்கு. அங்க இப்ப மழை மாசம். ஒரு பய போக மாட்டான். அதனால பாதி விலை. விசாவும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை போயிட்டு சனிக்கிழமை வந்துடலாம். ரூம் சின்னதுதான், பாத்ரூம் பொது. ஆஃபர் இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு. போடட்டுமா?"

"அப்பாகிட்ட கேக்கணும்டி."

"கேளு. லைன்லயே இருக்கேன்."

மெக்கானிக் பதிலே சொல்லவில்லை. எழுந்தார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். இருபது நிமிஷமும் நடந்தார். கடைசி நிமிஷத்தில், பல் பிடுங்கக் கொடுப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, போடச் சொன்னார்.' *

[* இங்கேயும் பென்சில்.]

3

பயணத்துக்குத் திட்டம் போட்ட கதை இது. கைப்பிரதியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான்.

லிஃப்ட் கம்பெனியில் ஒவ்வொரு லிஃப்டுக்கும் மாதம் ஒரு சர்வீஸ் சீட்டு உண்டு. இடது பக்கம் பார்க்க வேண்டிய பாகங்கள். வலது பக்கம் மூன்று கட்டம்: சரி, கவனிக்க, மாற்ற. எங்கள் பயணத்துக்கும் அவர் அதே மாதிரி ஒரு சீட்டு போட்டார், நாற்பத்தோரு வரி. டாக்ஸிக்குப் பதில் விமான நிலைய பஸ்: சரி. ரொட்டி, பிஸ்கட் இங்கிருந்தே: சரி. காலி தண்ணீர் பாட்டில், உள்ளே போய் நிரப்பிக்கொள்ள: சரி. ரூம்காரர் அனுப்பிய ரசீதில் தெருப் பெயர் இருக்கிறது, கதவு எண் இல்லை: கவனிக்க. மனைவியின் செருப்பு: மாற்ற.

கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கம்பெனியிலிருந்து ஸ்ப்ரிங் தராசு கொண்டுவந்து சமையலறைக் கதவில் தொங்கவிட்டார். அவர் பை ஆறேகால். என் பை எட்டரை.

"உள்ள என்னம்மா வச்சிருக்க, செங்கல்லா?"

"மருந்து."

"யாருக்கு?"

"யாருக்காவது."

கொஞ்சம் எடுத்து வைத்த பிறகுதான் என் பையும் ஏழுக்குள் வந்தது. இதையெல்லாம் எழுதிவிட்டு, கூடவே மெக்கானிக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்க்கிற காட்சியையும் சேர்த்தேன். குடியேற்றக் கவுண்டரில் அதிகாரி கேட்கிற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? எதற்கு வந்தீர்கள்? சுற்றிப் பார்க்க. எத்தனை நாள்? நாலு நாள். எங்கே தங்குகிறீர்கள்? அங்கே மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. திரும்ப முதலிலிருந்து. * படித்துப் பார்த்து நானே சிரித்தேன்.

[* பென்சில்.]

சிரித்த கையோடு ஒரு சந்தேகம் வந்தது. பன்னிரண்டாவது மாடியில் சாதாரணமாக நிற்கிற ஆளுக்கு விமானத்தில் என்ன பயம்? கதாபாத்திரம் பயந்தால் காரணம் வேண்டும். பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். நான் யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதிவிட்டது: 'எட்டு வயதில் மரத்திலிருந்து விழுந்தார்.' எதிலிருந்தாவது விழ வைத்துவிட்டால் வேலை முடிந்தது, மேலே எழுதிக்கொண்டு போகலாம்.

[மணி ஒன்று ஐம்பத்தெட்டு. சீருடைப் பெண்ணொருத்தி வந்து கேட் மேஜையில் கம்ப்யூட்டரைத் திறக்கிறாள். என் உள்ளங்கை வியர்த்திருக்கிறது. பேனா வழுக்குகிறது.]

4

போன ஞாயிற்றுக்கிழமை கைப்பிரதி அவர் கையில் சிக்கிவிட்டது. நான்தான் சமையலறை மேஜையில் வைத்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனேன். திரும்பி வந்தால், காதில் செருகியிருக்கிற பென்சில் கையில் இருக்கிறது, மனுஷன் வரிவரியாக டிக் போட்டுக்கொண்டிருக்கிறார். என் கதைக்கு சர்வீஸ்!

"மரத்துலேர்ந்து நான் எப்ப விழுந்தேன்?"

"அது கதைங்க."

"கதைன்னா? விழுந்தது யாரு?"

"கதையில வர்ற மெக்கானிக்."

"இந்த வீட்ல என்னை விட்டா வேற மெக்கானிக் யாரு?"

அவர் அந்த வரிக்கு நேரே 'மாற்ற' என்று எழுதினார்.

"பயம் இருக்கு. இல்லைன்னு சொல்லல. ஆனா மரமும் இல்ல, மட்டையும் இல்ல. உக்காரு, சொல்றேன்."

உட்கார்ந்தேன். இருபத்து நாலு வருஷத்தில் அவர் 'உக்காரு, சொல்றேன்' என்று சொன்னது அதிகம் போனால் நாலு தடவை இருக்கும்.

"பதினோரு வருஷம் ஆச்சு. மாசக் கடைசி. ஒன்பது லிஃப்ட் பாக்கி. மழை வேற. கடைசிக் கட்டடத்துல மெஷின் ரூம் சாவி வச்சிருந்த வாட்ச்மேனைக் காணோம். எதிர்த்த டீக்கடையில உக்காந்துக்கிட்டு, சீட்டுல மேலேர்ந்து கீழ வரைக்கும் 'சரி சரி சரி'ன்னு டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுட்டேன்."

இந்தத் தப்புக்கு அவர்கள் வேலையில் பெயரே இருக்கிறதாம். டீக்கடை சர்வீஸ்.

"ஐயோ! லிஃப்ட் விழுந்துடுச்சா?"

"இல்ல."

"நடுவுல நின்னுபோச்சா?"

"ஒண்ணும் ஆகலம்மா. ராத்திரி பூரா தூக்கமில்ல. காலையில ஆறு மணிக்கே ஓடிப்போய் மேல ஏறிப் பார்த்தேன். பிரேக், கயிறு எல்லாம் சுத்தமா இருந்தது. அதான் என்னைப் பிடிச்சு ஆட்டுது. ஏதாவது ஆகியிருந்தா திட்டு வாங்கிக்கிட்டு அதோட முடிஞ்சிருக்கும். ஒண்ணும் ஆகலைன்னா, அடுத்த மாசமும் டீக்கடையிலேயே உக்காரலாம்னு மனசு சொல்லும். சொல்லுச்சு. ஏரோப்ளேனுக்கும் எவனோ ஒருத்தன் டிக் போட்டுக் கையெழுத்து போடுவான்ல? மாசக் கடைசியில அவனும் என்னை மாதிரி ஒருத்தன்தானே?"

மரம், எட்டு வயது என்று எழுதியதை நினைத்தால் கூசியது. இந்த ஆளோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டு, இவருடைய பயத்தை ஒரு தடவைகூட நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

"அப்புறம் எப்படிங்க வர்றேன்னு சொன்னீங்க?"

"அன்னியிலேர்ந்து ஏறிப் பார்க்காம ஒரு சீட்டுலயும் நான் கையெழுத்து போட்டதில்ல. பயம்தான் ஏத்திவிடுது. அவனுக்கும் அப்படி ஒரு நாள் வந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். வரலைன்னா நம்ம நேரம்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "மிச்சப் பக்கத்தையும் பாரு. நிறைய போட்டிருக்கேன்."

5

பிறகு சொல்கிறேன் என்று மூன்று இடத்தில் தள்ளிப்போட்டேன். இனித் தள்ள முடியாது. பென்சில் குறிப்புகள் இவை:

தலையணைக்கு அடியில் பாஸ்போர்ட்: 'இது நான் இல்லை. என்னுடையது பீரோவில் இருக்கிறது. தலையணைக்கு அடியில் இருப்பது உன்னுடையது.'

இருபது நிமிஷ நடை: 'நான் உடனே போடச் சொன்னேன். நடந்தது நீ. நடுவில் இரண்டு தடவை பாத்ரூம் வேறு.'

குளியலறை ஒத்திகை: 'வெளியே எனக்குக் கேட்டது பொம்பளைக் குரல்.'

கடைசிப் பக்கத்தின் அடியில், தனியாக: 'இந்தக் கதையில் மனைவிக்கு எதுவுமே இல்லை. கவனிக்க.'

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய அரை நாள் ஆயிற்று. புரியவில்லை என்று நடிக்க இன்னும் இரண்டு நாள்.

கதை எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. நமக்கு இருக்கிற அசிங்கத்தை ஒரு கதாபாத்திரத்தின் தலையில் கட்டிவிட்டு, பக்கத்தில் நின்று சிரிக்கலாம். 'அவர்' என்று எழுதினால் போதும், எழுதியவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் இதைக் காகிதத்தில் மட்டும் செய்யவில்லை. நாலு வருஷத்துக்கு முன் என் தங்கை குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பியபோது, "அக்கா, நீங்களும் வாங்களேன், கூட்டமா போனா விலை குறையும்" என்றாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, "எங்கடி, அவருக்குத்தான் ஏரோப்ளேன்னா ஆகாதே" என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் கடையில் எல்லாரும் சுற்றுலா கிளம்பியபோதும் அதே பதில்தான். ஒரு கல்யாண வீட்டில் தங்கையின் புருஷன் ஊரே கேட்க, "என்ன சகலை, உச்சி மாடியில வேலை, ஏரோப்ளேன்னா நடுக்கமாமே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

'நான் வர மாட்டேன்' என்று அவர் எந்த வருஷமும் சொன்னதில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

[மணி இரண்டு ஐந்து. மைக்கில் கூப்பிடுகிறார்கள். குழந்தையோடு வந்தவர்கள் முதலில். பிறகு இருக்கை வரிசை எண் இருபதுக்கு மேல். நாங்கள் இருபத்தாறு.]

"கூப்பிடுறாங்க" என்கிறார்.

"கூட்டம் குறையட்டுங்க. இந்தப் பத்தியை முடிச்சுடுறேன்."

6

முடிவுகளைப் பார்ப்போம். கையில் மூன்று இருக்கிறது.

முடிவு அ. மெக்கானிக் கேட் வரை வந்து, முகம் வெளிறி, திரும்பி நடக்கிறார். மனைவி பெருமூச்சோடு பின்னால் போகிறாள். பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "பரவாயில்லைங்க" என்கிறாள். வாசகர்களுக்குக் கண் கலங்கும். நல்ல மனைவி என்று பெயர் கிடைக்கும். [அப்பட்டமான பொய். வெளிறியிருப்பது யார் முகம் என்று எதிரே இருக்கிற கண்ணாடிச் சுவரில் தெரிகிறது.]

முடிவு ஆ. இருவரும் போகிறார்கள். அங்கே ஹோட்டல் லிஃப்ட் நடுவில் நிற்கிறது. மெக்கானிக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சரிபண்ணுகிறார், எல்லாரும் கை தட்டுகிறார்கள். பத்திரிகைக்கு இது ரொம்பப் பிடிக்கும், படமும் போடுவார்கள். [நாங்கள் தங்கப்போவது மாடிப்படி மட்டும் உள்ள மூன்று மாடி வீடு. அதனால்தான் மலிவு.]

முடிவு இ. மனைவி தனியாக ஏறுகிறாள். மேகத்துக்கு மேலே போனதும் இருபத்து நாலு வருஷத்துச் சுமை இறங்கியதுபோல— [எந்தச் சுமை? என்னை யார் பிடித்து வைத்திருந்தார்கள்? வேண்டாம்.]

இவற்றில் ஒன்றையும் நான் ஏறிப் பார்த்து எழுதவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து டிக் போட்டவை. வேறு எத்தனை கதைக்கு இப்படி முடிவு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று யோசித்தால், வேண்டாம், அதற்கு இப்போது நேரம் இல்லை.

என் பயம் என்னவென்று நீங்கள் கேட்கலாம். மரத்திலிருந்து நானும் விழவில்லை. விமானம் விழுந்துவிடும் என்றுகூட இல்லை. கடையில் நான் ராணி. எந்த டிராயரில் எந்தப் பவர் லென்ஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். முதலாளியே என்னிடம் கேட்டுத்தான் சொல்வார். அங்கே போய் இறங்கினால் குடியேற்றக் கவுண்டரில் ஒரு புது ஆள் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பின்னால் நிற்பவர்கள் பார்ப்பார்கள். இவரும் பார்ப்பார். நாற்பத்தொன்பது வயதில் ஒன்றும் தெரியாதவளாக, எல்லாருக்கும் முன்னால், எங்கே போவது யாரிடம் கேட்பது என்று முழித்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவுதான் என் பயம். இதற்காகத்தான் ஒரு மனுஷனை நாலு பேருக்கு நடுவில் கோழையாக நிறுத்தினேன்.

7

மணி இரண்டு பன்னிரண்டு. வரிசையில் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம்.

அவர் எழுந்து போய் வரிசையில் நின்றார். திரும்பிப் பார்த்தார். கையசைத்தார். நான் விரலைக் காட்டினேன், ஒரு நிமிஷம் என்று. அவர் தனக்குப் பின்னால் நின்றவரை முன்னால் விட்டார். இன்னொருவரையும் விட்டார். பிறகு வரிசையை விட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன எழுதிட்டிருக்க?"

"முடிவு."

"அதை ஏரோப்ளேன்ல உக்காந்து எழுதேன்."

"அங்க வராதுங்க. இங்கயே முடிச்சாத்தான் உண்டு."

அவர் கண் மறுபடியும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிற்கிற விமானத்துக்குப் போனது. அவருக்கும் பயம்தான், மறந்துவிடாதீர்கள். அவர் அதைத் தூக்கிக்கொண்டே வரிசைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்.

"எனக்கு இருக்கறதை நான் சொல்லிட்டேன்" என்றார். "உனக்கு இருக்கறதை நீ இன்னும் சொல்லல. ஒரு தடவை சொல்லிடு. அப்புறம் ஏறலாம், இல்ல பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போகலாம். ரெண்டுல எதுன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா வீட்டுக்குப் போனா, 'அவருக்குத்தான் பயம்'னு இனிமே யார்கிட்டயும் சொல்லாத."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டே இரண்டு இருபதைத் தாண்டிவிடலாம்.

'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று நோட்டில் எழுதி அவர் பக்கம் திருப்பினேன். இதோ, இதே வரிதான். அவர் படித்தார்.

"எழுதாதம்மா. சொல்லு."

வாயைத் திறந்தேன். வரவில்லை. உடனே பேனாவை எடுத்து, வாயைத் திறந்தேன், வரவில்லை என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் நான் செய்துகொண்டிருப்பது எனக்கே உறைத்தது. ஒன்று ஐம்பதிலிருந்து நான் கதை எழுதவில்லை. எழுந்திருக்காமல் இருப்பதற்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியமும் இன்னும் அரை நிமிஷம். நீங்களும் சந்தேகப்படாமல் கூடவே வந்துகொண்டிருக்கிறீர்கள்.

இரண்டு பதினேழு. வரிசையில் யாரும் இல்லை. மைக்கில் இரண்டு பெயர்களை மட்டும் கூப்பிடுகிறார்கள், எங்கள் பெயர்கள். மேஜைக்குப் பின்னால் இருக்கிற பெண் எங்களைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறாள். அவர் எழுந்து நின்று இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டார். ஒரு கையில் இரண்டு போர்டிங் பாஸ். இன்னொரு கையை என்னிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்றால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். பேனாவை வைத்துவிட்டால் அந்த மூன்று வார்த்தையை வாயால்தான் சொல்லியாக வேண்டும். சொன்னால் ஏறுவேனா, இல்லை அழுதுகொண்டே பஸ்ஸைப் பார்க்க நடப்பேனா, சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

ஆனால் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். படிக்க நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன், அந்தப் பெண் கதவை மூடுவதைக்கூட வர்ணித்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருப்பேன். அவர் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார். தோளில் பதிமூன்று கிலோ. இரண்டு பதினெட்டு. தயவுசெய்து நீங்கள் படிப்பதை நிறுத்துங்கள். அடுத்த வரியில் ஒன்றும் இல்லை, சும்மா உங்களைப் பிடித்து வைப்பதற்காக எழுதுகிறேன். மூடிவிடுங்கள். நீங்கள் மூடினால்தான் நான்